பெர்முடா லானில் பழுப்புத் திட்டுகள்: வேருக்குக் கீழே வெண்புழுவா, மேலே படைப்புழுவா?

1. பசும்பரப்பு, கோவை

வணக்கம். 4 சென்ட் லான், பெர்முடா புல். பிப்ரவரியில் கார்பெட்டாக வாங்கி விரித்தது. அடியில் செம்மண்ணும் சாணி எருவும் கலந்து 4 அங்குலப் படுக்கை. தினமும் காலை 15 நிமிடம் ஸ்பிரிங்க்ளர்.

ஆகஸ்ட் நடுவில் வடக்கு ஓரம், வேப்பமரத்துப் பக்கம், இரண்டு திட்டுகள் பழுத்தன. இப்போது செப்டம்பர் முதல் வாரம். அவை இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து ஏறக்குறைய 60 சதுர அடி ஆகிவிட்டது. தண்ணீர் கூட்டினாலும் பச்சை திரும்பவில்லை. விடியற்காலையில் மைனாவும் காகமும் அந்த இடத்தைக் கிளறுகின்றன. இது போக, கேட் விளக்குப் பக்கம் புதிதாக ஒரு திட்டு. அது மூன்றே நாளில் வந்தது. அங்கே புல் பழுக்கவில்லை, நுனி மொட்டையாக இருக்கிறது.

தோட்டவேலை பார்ப்பவர் ஃபோரேட் குருணை தூவிவிடலாம் என்கிறார். நிறுத்திவைத்திருக்கிறேன். என்ன பூச்சி என்று எப்படி உறுதி செய்வது? சென்ட் கணக்கில் அளவு சொன்னால் நல்லது.

2. வேர்மூலம், ஈரோடு

நிறுத்தியது மிக நல்ல காரியம். ஃபோரேட் இந்தியாவில் 2020 டிசம்பர் 31-லிருந்து தடை செய்யப்பட்ட மருந்து. இன்னும் சிலரிடம் பழைய மூட்டை இருக்கிறது, குருணை என்றாலே கை அதற்குத்தான் போகிறது. நீங்கள் சொல்லும் அதே மைனாக்கள் அந்தக் குருணையையும், அதில் செத்த புழுவையும் பொறுக்கித் தின்னும். குழந்தைகள் வெறுங்காலில் நடக்கும் தரைக்கு அதைக் கொண்டுவரவே கூடாது.

இப்போது சோதனை. மூன்று செய்யுங்கள். மூன்றும் வேறு வேறு பூச்சிக்கானவை, ஒன்றை வைத்து இன்னொன்றை முடிவு செய்ய முடியாது.

முதலில் இழுத்துப் பாருங்கள். பழுத்த திட்டின் ஓரத்தில், பச்சையும் பழுப்பும் சந்திக்கும் இடத்தில், ஒரு கைப்பிடி புல்லைப் பிடித்து மேலே தூக்குங்கள். பாய் சுருட்டுவது போலக் கழன்று வந்தால் வேர் இல்லை என்று அர்த்தம். வேரைத் தின்னும் வண்டுப்புழுவான வெண்புழுவைத் தேடலாம். கழலாமல் தண்டு மட்டும் அறுந்து வந்தால் வேர் நன்றாக இருக்கிறது, காரணம் மேலே.

இரண்டாவது வெட்டிப் பார்ப்பது. 1 அடிக்கு 1 அடி சதுரம், மூன்று பக்கம் மட்டும் மண்வெட்டியால் வெட்டி, நான்காவது பக்கத்தைக் கீல் மாதிரி விட்டுப் புத்தகம் திறப்பது போல மடித்துத் திறங்கள். 3 அங்குல ஆழம் வரை மண்ணைக் கொத்தி உதிர்த்து, ஒரு வெள்ளைச் சாக்கில் போட்டு எண்ணுங்கள். முடிந்ததும் மடித்து மூடி, மிதித்து, தண்ணீர் விட்டால் புல் திரும்பப் பிடித்துக்கொள்ளும். செத்த திட்டின் நடுவில் வெட்டாதீர்கள். அங்கே தின்ன ஒன்றும் இல்லாததால் புழு ஓரத்துக்கு நகர்ந்திருக்கும். "வெட்டிப் பார்த்தேன், ஒன்றுமே இல்லை" என்று சொல்பவர்களில் பலர் நடுவில் வெட்டியவர்கள்தான். குறைந்தது 4 இடத்தில் பாருங்கள், அதில் ஒன்று நல்ல பச்சைப் பகுதியாக இருக்கட்டும்.

மூன்றாவது சோப்புத் தண்ணீர். பாத்திரம் கழுவும் திரவ சோப்பு 30 மி.லி., தண்ணீர் 4 லிட்டர். நுரை அதிகம் வராமல் கலக்கி, 3 அடிக்கு 3 அடி இடத்தில் பூவாளியால் சீராக ஊற்றுங்கள். 10 நிமிடம் அங்கேயே உட்கார்ந்து பார்க்க வேண்டும். தழைப்படலத்துக்குள் ஒளிந்திருக்கும் படைப்புழு, வலைப்புழு, பிள்ளைப்பூச்சி எல்லாம் எரிச்சல் தாங்காமல் மேலே ஏறிவரும். வெண்புழு வராது. சோப்பு ஊற்றி எதுவும் வரவில்லை என்பதால் மண்ணுக்குள் ஒன்றுமில்லை என்று முடிவுகட்டக் கூடாது. மண் காய்ந்து கெட்டியாக இருந்தால் முதல்நாள் மாலை நனைத்துவிட்டு மறுநாள் செய்யுங்கள். வெயில் ஏறும் முன்பு செய்து, முடிந்தவுடன் நல்ல தண்ணீரால் அலசிவிடுங்கள். இல்லையென்றால் சோப்பே இலையைக் கருக்கும்.

3. இலைவிளிம்பு, மதுரை

கேட் பக்கத்துத் திட்டு பற்றி மட்டும் சொல்கிறேன். மூன்று நாளில் வந்தது, விளக்கடி, நுனி மொட்டை. இந்த மூன்றும் சேர்ந்தால் எனக்கு முதலில் தோன்றுவது படைப்புழு. நெல் நாற்றங்காலைக் கூட்டமாக மேய்கிற ஸ்போடாப்டிரா மொரீஷியாதான் புல்தரையையும் மேயும். ஹவாய்த் தீவுகளில் அதற்குப் பெயரே லான் படைப்புழு.

அந்துப்பூச்சி முட்டையைப் புல்லில்தான் இடும் என்று நினைத்துவிடாதீர்கள். விளக்கு வெளிச்சம் படும் சுவர், சன்ஷேடின் அடிப்புறம், பக்கத்துச் செடியின் இலை, இங்கெல்லாம் குவியலாக இட்டு, மேலே தன் உடல் ரோமத்தால் மூடிவைக்கும். பார்த்தால் பழுப்பு நிறப் பஞ்சு ஒட்டிய மாதிரி இருக்கும். கேட் தூணையும் விளக்குக்குக் கீழே உள்ள சுவரையும் நன்றாகப் பாருங்கள். இருந்தால் கரண்டியால் சுரண்டி சோப்புத் தண்ணீரில் போடுங்கள். ஒரு குவியலில் நூற்றுக்கணக்கான முட்டைகள்.

வலைப்புழு என்றால் அடையாளம் வேறு. காலையில் பனி இருக்கும்போது புல்லின் மேல் சின்னச் சின்ன நூல்வலை தெரியும். புல்லை விலக்கினால் தரையோரம் பச்சை நிறத்தில் கடுகு போன்ற எச்சம், பட்டுநூலால் ஆன குழாய். மாலையில் நடந்தால் காலடியிலிருந்து வெளிறிய சிறிய அந்துகள் எழும்பி, கோணல் மாணலாகக் கொஞ்ச தூரம் பறந்து மறுபடி புல்லில் இறங்கும். திட்டும் படைப்புழு போல ஒரே எல்லையாக நகராது, உள்ளங்கை அளவில் அங்கங்கே தோன்றிப் பின்பு சேரும்.

இரவு 9 மணிக்கு டார்ச் அடித்துப் பாருங்கள். இரண்டுமே இருட்டில்தான் மேயும்.

இலையைப் பிடுங்கி விளிம்பைப் பாருங்கள். புழு தின்றால் விளிம்பில் அரைவட்டக் கடி. மழுங்கிய பிளேடு கொண்ட புல்வெட்டி என்றால் நுனி நார்நாராகக் கிழிந்து வெளுத்திருக்கும். நோய் என்றால் இலை முழுதாக இருக்கும், அதன்மேல் புள்ளியோ கறையோ இருக்கும், கடியே இருக்காது. நாய் சிறுநீர் என்றால் நடுவில் கருகி, சுற்றிலும் கரும்பச்சை வளையம். இந்த நான்கையும் பிரித்தறியாமல் பூச்சிமருந்து அடிப்பதால்தான் பாதிச் செலவு வீணாகிறது.

4. பசும்பரப்பு

மூன்று சோதனையும் செய்தாயிற்று. நன்றி.

வேப்பமரப் பக்கம் புல் பாய் மாதிரியே சுருண்டு வந்தது. வெட்டிப் பார்த்ததில் ஒரு சதுர அடிக்கு: திட்டின் ஓரத்தில் 9, இன்னொரு ஓரத்தில் 7, நடு லானில் 2, தெற்கு மூலையில் 0. வெள்ளைப் புழு, பழுப்புத் தலை, பிறை மாதிரி வளைந்து கிடக்கிறது. பெரியது நிமிர்த்தினால் 4 செ.மீ. இருக்கும்.

கேட் பக்கம் சோப்புத் தண்ணீரில் 10 நிமிடத்தில் 11 புழு. பச்சையும் பழுப்புமாக, பக்கவாட்டில் கோடு. சின்னதும் பெரியதும் கலந்து 1 முதல் 3 செ.மீ. தூணில் இரண்டு பஞ்சுக் குவியல் இருந்தது, சுரண்டியாயிற்று.

ஒரு குழப்பம். எரு கொட்டிவைத்திருக்கும் மூலையிலும் இதே மாதிரி வெள்ளைப் புழு நிறைய. அங்கே புல் நன்றாகவே இருக்கிறது.

5. மண்ணுக்குள், திருச்சி

எருக்குவியல் புழு வேறு, வேர் தின்னும் புழு வேறு. இரண்டையும் நாம் வெண்புழு என்று ஒரே பெயரில் கூப்பிடுவதால் வரும் குழப்பம் இது.

எளிய சோதனை: 4 புழுவை எடுத்து வழவழப்பான தரையிலோ தட்டிலோ விடுங்கள். மல்லாந்து, முதுகால் நெளிந்து வேகமாக ஊர்ந்து போனால் அது பூவண்டு இனத்தின் புழு. மக்கும் குப்பையைத் தின்று வாழ்வது, உயிருள்ள வேருக்கு வராது. அதைக் கொல்ல வேண்டிய அவசியமே இல்லை, எருவை அது நன்றாகவே பொடிக்கிறது. கட்டைவிரல் பருமனில், மிகப் பெரியதாக, கருஞ்சிவப்புத் தலையோடு இருந்தால் காண்டாமிருக வண்டின் புழு. அதுவும் எருவில்தான் வளரும். ஆனால் பக்கத்தில் தென்னை இருந்தால் வண்டானதும் குருத்தைக் குடையும், ஆகவே பொறுக்கிவிடுங்கள். பக்கவாட்டில் சரிந்து, வளைந்தபடியே, முன்கால்களால் மண்ணைப் பற்றி நகரப் பார்ப்பதுதான் வேர் தின்னும் ஹோலோட்ரைக்கியா வண்டின் புழு. உங்கள் வேப்பமரப் பக்கத்து ஆள் அதுதான்.

வேப்பமரப் பக்கம் என்பதும் தற்செயல் இல்லை. கோடை மழை மண்ணை நனைத்ததும், ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் வரை, வண்டுகள் பொழுது சாய்ந்து அரைமணி நேரத்தில் மண்ணிலிருந்து கிளம்பி வேம்பு, முருங்கை, இலந்தை, கருவேலம் ஆகியவற்றில் ஏறும். அங்கே தழை தின்று, இணைசேர்ந்து, விடியும் முன்பு இறங்கிப் பக்கத்தில் ஈரமாக உள்ள மண்ணில் முட்டையிடும். சுற்றிலும் காய்ந்து கிடக்கும்போது தினமும் 15 நிமிடம் நனைந்த லான் எப்படி இருந்திருக்கும் என்று யோசியுங்கள். முட்டை பொரிய ஏறக்குறைய 10 நாள். சிறுசாக இருக்கும்போது மக்கையும் மெல்லிய வேரையும் தின்னும், யாருக்கும் தெரியாது. இரண்டு முறை தோலுரித்து மூன்றாம் பருவத்துக்கு வந்த பிறகுதான் வேரைக் கத்தரிக்கிறது. ஆகஸ்டில் திட்டு தெரிந்தது என்றால் புழு உள்ளே வந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது.

கணக்கு: பொதுவாக ஒரு சதுர அடிக்கு 6 புழு வந்தால் நடவடிக்கை என்பார்கள். ஹோலோட்ரைக்கியா உருவத்தில் பெரியது, 3 அல்லது 4 இருந்தாலே நான் சும்மா இருக்க மாட்டேன். 9-ம் 7-ம் உள்ள இடத்தில் உடனே செய்ய வேண்டும். 2 உள்ள இடத்தில் நல்ல வேர் இருந்தால் புல்லே சமாளித்துக்கொள்ளும், அங்கே ஒன்றும் ஊற்றாதீர்கள்.

6. இலைவிளிம்பு

கேட் பக்கம் 9 சதுர அடியில் 11. படைப்புழுவுக்கு அந்த அளவு இடத்தில் 5, வலைப்புழுவுக்கு 15 என்பது வழக்கமான எல்லை. எனவே இதற்கு மருந்து தேவைதான், ஆனால் அந்தத் திட்டுக்கும் அதைச் சுற்றி 6 அடிக்கும் மட்டும்.

1.5 செ.மீ.-க்குக் கீழ் உள்ள புழுவுக்கு பேசில்லஸ் துரிஞ்சியன்சிஸ் (பி.டி.) என்ற பாக்டீரியா மருந்து, குர்ஸ்டாகி வகை. லிட்டருக்கு 2 கிராம். இது தொட்டால் கொல்லாது, தின்றால்தான் வேலை செய்யும். அதனால் சில விஷயங்கள் முக்கியம். அடிக்கும் நாள் காலையிலேயே புல்லை வெட்டித் துண்டுகளை வாரிவிடுங்கள். அடித்த பிறகு வெட்டினால் மருந்து பட்ட இலைதான் முதலில் போகும். வெயில் அதைக் கெடுத்துவிடும் என்பதால் சாயங்காலம் 6 மணிக்கு மேல் அடிக்க வேண்டும். அதற்குப் பின் 24 மணி நேரம் ஸ்பிரிங்க்ளர் கூடாது. 10 லிட்டர் டேங்க் 2 சென்ட்டுக்குச் சரியாக வரும், உங்கள் கேட் திட்டுக்கு 2 லிட்டர் கரைசலே ஏராளம். தின்ற புழு அன்றே மேய்ச்சலை நிறுத்தும், ஆனால் சாக இரண்டு மூன்று நாள் ஆகும். மறுநாள் புழு உயிரோடு இருக்கிறதே என்று பயந்து வேறு மருந்து அடித்துவிடாதீர்கள்.

2 செ.மீ.-க்கு மேல் வளர்ந்ததற்கு இது சரிவராது. அவற்றைச் சோப்புத் தண்ணீரில் ஏறவைத்துப் பொறுக்கிவிடலாம், உங்கள் இடம் சின்னது. பரப்பு பெரிதாக இருந்தால் ஸ்பைனோசாட் 45 எஸ்.சி., லிட்டருக்கு 0.3 மி.லி. ஈரமாக இருக்கும்போது தேனீக்கு ஆபத்து, ஆகவே புல்லுக்குள் பூத்த களை எதுவும் இருந்தால் முதலில் வெட்டிவிட்டு, தேனீ அடங்கிய பின் அடியுங்கள்.

விளக்கை மஞ்சள் எல்.இ.டி.-யாக மாற்றுங்கள், அல்லது 8 மணிக்கு மேல் அணைத்துவிடுங்கள். வெள்ளை விளக்கு எரியும்வரை அந்து வந்துகொண்டேதான் இருக்கும்.

பெர்முடா என்பதால் கவலை வேண்டாம். படைப்புழு இலையை மட்டும் தின்கிறது, கணுவையும் அடித்தண்டையும் தொடுவதில்லை. தண்ணீர் ஒழுங்காக இருந்தால் இரண்டு மூன்று வாரத்தில் மூடிக்கொள்ளும்.

7. கைத்தெளிப்பான், சேலம்

எல்லாரும் சுற்றி வளைக்கிறீங்க. வெண்புழுவுக்குக் குளோர்பைரிபாஸ் 20 இ.சி., லிட்டருக்கு 5 மி.லி. கலந்து பூவாளியில் ஊற்றினால் முடிந்தது. கரையானும் சேர்ந்து போகும். லான் மெயின்டனன்ஸ் எடுக்கிறவர்கள் எல்லாரும் இதைத்தான் செய்கிறார்கள். 9 புழு இருக்கும்போது உயிரியல் முறை என்று காத்திருந்தால் புல் மிஞ்சாது.

8. மண்ணுக்குள்

கைத்தெளிப்பான் அண்ணா, காத்திருந்தால் புல் போய்விடும் என்பது சரிதான், அதை மறுக்கவில்லை. ஆனால் இந்த இடத்தில் அந்த மருந்து புழுவைப் போய்ச் சேராது. குளோர்பைரிபாஸ் கரிமப் பொருளோடு மிக இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும் தன்மை உள்ளது. கார்பெட் புல்லில் அரை அங்குலத்துக்குச் சருகுப் படலம், அதன்கீழ் சாணி எரு கலந்த மண். ஊற்றியதில் பெரும்பகுதி மேல் ஓர் அங்குலத்திலேயே நின்றுவிடும். புழு 2 முதல் 3 அங்குலத்தில். மேலே உள்ள மண்புழு, தரைவண்டு, எறும்பு, சிலந்தி எல்லாம் சாகும், வெண்புழு நகர்ந்துவிடும். அதோடு இப்போது இருப்பது மூன்றாம் பருவப் புழு, மருந்து போய்ச் சேர்ந்தாலும் எளிதில் அசையாத பருவம். மெயின்டனன்ஸ்காரர்கள் ஊற்றிய பிறகு திட்டு நிற்பது பல இடங்களில் அக்டோபர், நவம்பரில் புழு தின்பதை நிறுத்திக் கூட்டுப்புழுவாக ஆழத்துக்கு இறங்குவதால்தான். மருந்தின் கணக்கில் அது எழுதப்படுகிறது. மறுவருஷம் அதே இடத்தில் அதே திட்டு.

60 சதுர அடிக்கு வேகமான வழி கைவேலை. புல் ஏற்கெனவே பாய் போலக் கழல்கிறது. சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு, 4 அங்குலம் கொத்தி, புழுவைப் பொறுக்குங்கள். சதுர அடிக்கு 8 என்றால் மொத்தம் 480 புழு. இரண்டு ஆள், ஒரு காலை. அக்கம்பக்கத்தில் கோழி இருந்தால் அதுவே பாதியை முடித்துவிடும், மைனாவையும் விரட்டாதீர்கள். திட்டின் எல்லையோடு நிற்காமல், பச்சைப் பக்கம் 2 அடி உள்ளே போய்க் கொத்த வேண்டும். பெரிய புழு அங்கேதான்.

அதன் பிறகு மீதிக்கு நூற்புழு.

9. வேர்மூலம்

நூற்புழு பற்றி நான் தொடர்கிறேன். ஹெட்டரோராப்டிட்டிஸ் இண்டிகா. 1992-ல் அறிவியல் உலகுக்குப் புதிதாக விவரிக்கப்பட்ட இந்த இனம் கோவை மண்ணில் கிடைத்ததுதான், நம் வெப்பத்துக்குப் பழகியது. பயிரின் வேரைத் தாக்கும் நூற்புழு வேறு, இது பூச்சிக்குள் மட்டும் நுழைந்து அதைக் கொல்லும் நுண்ணிய புழு. பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் நிறுவனம் இதை நனையும் தூளாக உருவாக்கியிருக்கிறது.

அளவு சதுர மீட்டருக்கு 2.5 லட்சம் நூற்புழு. ஒரு சென்ட் 40.5 சதுர மீட்டர், ஆக சென்ட்டுக்கு 1 கோடி. பாக்கெட்டில் எத்தனை என்று அச்சிட்டிருக்கும், அதை வைத்து வகுத்துக்கொள்ளுங்கள்.

இது உயிர். மருந்துபோல நடத்தினால் செத்துவிடும். பெரும்பாலும் தோற்பது இங்கேதான். வெயிலில் காரின் பின்பெட்டியில் வைத்துக் கொண்டுவருவது ஒன்று. ஃப்ரிட்ஜின் உறைநிலைப் பெட்டியில் வைப்பது இன்னொன்று. தெளிப்பான் முனையிலுள்ள வலைச்சல்லடையைக் கழற்றாமல் அடித்தால் நூற்புழு டேங்க்கிலேயே தங்கிவிடும். கலக்கியதும் அடிக்காமல் அரைமணி வைத்தால் அடியில் படிந்து மூச்சுத் திணறிச் சாகும். காய்ந்த மண்ணில் ஊற்றினாலோ பலனே இல்லை, அது மண்துகளைச் சுற்றியுள்ள நீர்ப்படலத்தில் நீந்தித்தான் புழுவைத் தேடுகிறது.

எனவே மாலை 6 மணிக்கு முதலில் சென்ட்டுக்கு 200 லிட்டர் தண்ணீர். அது 5 மி.மீ. மழைக்குச் சமம். பின்பு நூற்புழுக் கரைசல் சென்ட்டுக்கு 20 லிட்டர், பூவாளியே போதும், அடிக்கடி கலக்கிக்கொண்டே. உடனே, இலையில் ஒட்டியது காயும் முன்பு, மறுபடி 200 லிட்டர். அடுத்த 10 நாள் மண் ஈரமாக இருக்க வேண்டும், சேறாக அல்ல. ஊற்றும் முன்பு ஒரு சொட்டைக் கண்ணாடியில் விட்டு 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். நெளிந்தால் உயிர். குச்சி மாதிரி நேராக அசையாமல் கிடந்தால் பாக்கெட்டைத் திருப்பிக் கொடுங்கள்.

ஒரு வாரம் கழித்து வெட்டிப் பாருங்கள். நூற்புழு நுழைந்த வெண்புழு செங்கல் நிறத்தில் தொய்ந்து கிடக்கும், நாற்றம் வராது. அந்த நிறம் நூற்புழு சுமந்துவரும் ஃபோட்டோராப்டஸ் பாக்டீரியாவால். நல்ல இருட்டறையில் கண் பழகும்வரை காத்திருந்தால் செத்த புழு மங்கலாக ஒளிர்வதுகூடத் தெரியும். பெரிய புழுவில் எல்லாமே சாகாது. அதை எதிர்பார்த்தே கைவேலையை முதலில் சொன்னார்கள்.

மெட்டாரைசியம் அனிசோப்ளியே என்ற பூஞ்சணமும் சேர்க்கலாம். சென்ட்டுக்கு 100 கிராம், நன்றாக மக்கிச் சலித்த தொழுவுரம் 10 கிலோவில் கலந்து, நிழலில் ஈரச்சாக்கு மூடி ஒரு வாரம் வைத்துத் தூவுங்கள். இதில் செத்த புழு முதலில் விறைத்து வெளுத்து, பிறகு மேலே பச்சைப் பொடி பூக்கும். இது பூஞ்சணம் என்பதை மறந்து அதே வாரம் கார்பென்டாசிம் என்ற பூஞ்சணக்கொல்லியை ஊற்றுகிறார்கள். அது இதையும் சேர்த்துக் கொன்றுவிடும். இரண்டுக்கும் நடுவில் குறைந்தது மூன்று வாரம் வேண்டும்.

10. நெய்தல்நிலம், சென்னை

இடையில் ஒரு கேள்வி. ஈசிஆர் பக்கம், மணல் மண், புது வீட்டு லான். புல்லுக்கு மேல் மண் பூசியது போலப் படலம், கிள்ளினால் கரையான். அதே லானில் விரல் பருமனுக்கு மண் மேடிட்டு வளைந்து வளைந்து போகும் கோடுகள். இரண்டும் ஒன்றா?

11. மண்ணுக்குள்

இரண்டும் வேறு.

மண்பூச்சு கரையான். ஓடன்டோடெர்மஸ் இனம் செத்த புல்லையும் சருகையும்தான் விரும்பித் தின்னும், பச்சையைக் கடும் வறட்சியில்தான் தொடும். புது வீடு என்றீர்கள். லானுக்கு அடியில் சென்ட்ரிங் பலகைத் துண்டு, சவுக்குக் கட்டை, சிமென்ட் பைக் காகிதம் புதைந்து கிடக்கிறதா என்று கம்பியால் குத்திப் பாருங்கள். கட்டடக் குப்பையை நிரவி அதன்மேல் செம்மண் போட்டுப் புல் விரிப்பது மிகச் சாதாரணமாக நடக்கிறது. அந்தக் கட்டை இருக்கும்வரை மேலே என்ன ஊற்றினாலும் கரையான் திரும்பும். தோண்டி எடுங்கள், சருகை முள்வாரியால் வாரி எடுங்கள், தண்ணீரை ஒழுங்காக்குங்கள். மிஞ்சிய இடத்துக்கு வேப்பம் புண்ணாக்குத் தூள் சென்ட்டுக்கு 2 கிலோ.

வளைந்த மேடு பிள்ளைப்பூச்சி. மணல் மண்ணும் ஈரமும் அதற்குப் பிடித்தவை. மடியில் கட்டிக்கொண்டால் குடையும் என்று பழமொழி சொல்வது போலத்தான் மண்ணிலும். வேரைத் தின்பதைவிட, குடைந்து வேரை அந்தரத்தில் தொங்கவிட்டுக் காயவைப்பதே அதன் பெரிய கேடு. மாலையில் எல்லா மேட்டையும் காலால் மிதித்து அமுக்கிவிடுங்கள். காலையில் எது புதிதாக எழும்பியிருக்கிறதோ அதன் முனையில்தான் பூச்சி. சோப்புக் கரைசலைக் கொஞ்சம் அதிகமாக, 7.5 லிட்டருக்கு 45 மி.லி., 2 அடிக்கு 2 அடியில் ஊற்றினால் மூன்று நிமிடத்தில் மேலே வரும். பிடித்துவிடுங்கள். நாலைந்து நாள் தொடர்ந்து செய்தால் வீட்டு லானுக்கு இதுவே போதும்.

12. கணுக்கண், திண்டுக்கல்

பெர்முடா என்பதால் யாரும் சொல்லாத ஒன்றைச் சேர்க்கிறேன். திட்டு இல்லாமல், பொதுவாகவே புல் தேய்ந்து, வெயிலில் மஞ்சளித்து, எறும்பு மட்டும் அதிகமாக ஓடினால் கணுவை உரித்துப் பாருங்கள். இலையுறைக்குள் மிளகு அளவில் வெள்ளைப் பஞ்சு உருண்டை ஒட்டியிருந்தால் அது புல் மாவுப்பூச்சி, அன்டோனினா கிராமினிஸ். அதன் தேன்கழிவுக்காகத்தான் எறும்பு. உறைக்குள் ஒளிந்திருப்பதால் மேலே அடிக்கும் எந்த மருந்தும் படாது. வெட்டிய புல்துண்டோடும் பாதிப்புள்ள கார்பெட்டோடும்தான் இது பயணம் செய்கிறது, ஆகவே துண்டுகளைக் கூடையுள்ள புல்வெட்டியில் பிடித்து அப்புறப்படுத்துங்கள்.

இதே பூச்சி டெக்சாஸ் மேய்ச்சல் நிலங்களை அழித்தபோது, அமெரிக்கர்கள் இந்தியாவிலிருந்து நியோடுஸ்மெட்டியா சங்வானி என்ற சிறு குளவியைக் கொண்டுபோய் விட்டுக் கட்டுப்படுத்தினார்கள். அதன் பெண்ணுக்குப் பறக்கச் சிறகு கிடையாது, அதனால் விமானத்திலிருந்து தூவினார்கள். அந்தக் குளவியின் சொந்த ஊர் நம் நாடு. எதற்கெடுத்தாலும் மருந்து அடிக்கும் லானில் அது மிஞ்சாது.

13. கைத்தெளிப்பான்

சருகுப் படலத்தில் மருந்து நின்றுவிடும் என்பது சரியான பாயின்ட், ஒத்துக்கொள்கிறேன். வறண்ட மண்ணில் ஊற்றி எதுவும் இறங்காத கதை நிறையவே உண்டு. ஆனால் கல்யாண மண்டபம், ஹோட்டல் மாதிரி 50 சென்ட் லானில் கைவேலை நடக்காதே?

14. வேர்மூலம்

அங்கேயும் 50 சென்ட் முழுக்கப் புழு இருக்காது. 10 அடிக்கு ஒரு வெட்டு என்று கட்டம் போட்டு எண்ணி, 4-க்கு மேல் உள்ள கட்டத்தை மட்டும் சுண்ணாம்பால் வட்டமிடுங்கள். வேலை சுருங்கிவிடும். பெரிய லானுக்கு நேரம்தான் முக்கியம். ஜூன் கடைசி, ஜூலையில் புழு சிறுசாக இருக்கும்போது நூற்புழு ஊற்றினால் செப்டம்பரைவிடப் பலமடங்கு பலன். அதற்கு முன்பு வண்டையே பிடிக்க வேண்டும்.

பசும்பரப்பு, உங்களுக்கும் இதுதான். அடுத்த ஏப்ரலில் முதல் நல்ல கோடை மழை பெய்த மறுநாளிலிருந்து, மாலை 7:15 முதல் 8:30 வரை வேப்பமரத்தடியில் பழைய வேட்டியையோ தார்ப்பாயையோ விரித்து, கொக்கிக் கம்பால் கிளையை உலுக்குங்கள். வண்டு பொலபொலவென்று விழும். மண்ணெண்ணெய் கொஞ்சம் ஊற்றிய தண்ணீர் வாளியில் போடுங்கள். ஒவ்வொரு நல்ல மழைக்குப் பிறகும் மூன்று நான்கு நாள். தெருவில் இன்னும் இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து செய்தால்தான் முழுப் பலன், வண்டு உங்கள் மரத்தோடு நிற்பதில்லை.

தண்ணீர் பழக்கத்தையும் மாற்றுங்கள். தினம் 15 நிமிடம் என்பது மேல் ஓர் அங்குலத்தை மட்டும் நனைக்கிறது. வேர் மேலேயே நிற்கும், புழு கடித்தால் மாற்று வேர் இல்லை. மழை இல்லாத வாரம் சதுர மீட்டருக்கு மொத்தம் 25 லிட்டர், அதாவது சென்ட்டுக்கு ஏறக்குறைய 1,000 லிட்டர், இரண்டு தவணையாகக் கொடுங்கள். வண்டு முட்டையிடும் மே, ஜூனில் இரண்டு தவணைக்கு நடுவே மேல்மண் நன்றாகக் காயட்டும். ஈரமில்லாத மண்ணில் முட்டை பிழைப்பது கடினம், பெர்முடா தாங்கிக்கொள்ளும்.

எரு விஷயத்தில் கறாராக இருங்கள். கையில் பிடித்தால் உதிர வேண்டும், சாணி வாடையோ சூடோ இருக்கக் கூடாது. சலித்து, புழு பொறுக்கிய பிறகே லானுக்கு.

15. பசும்பரப்பு

மூன்று வாரம் கழித்து நிலவரம். கேட் திட்டில் பி.டி. ஒரு முறை அடித்தது, சோப்புத் தண்ணீர்ச் சோதனையில் இப்போது 1 புழு. பச்சை மூடிவிட்டது. விளக்கை மாற்றியாயிற்று.

வேப்பமரப் பக்கம் சுருட்டிக் கொத்தியதில் 530 புழு. நூற்புழு ஊற்றிய 8-ஆம் நாள் 4 இடத்தில் வெட்டியதில் செங்கல் நிறத்தில் செத்தது 5, உயிரோடு 3. சுருட்டி வைத்த புல்லில் பாதி காய்ந்துவிட்டது. காய்ந்த இடத்துக்குப் புதுக் கார்பெட் வாங்கவா?

16. மண்ணுக்குள்

வேண்டாம். நர்சரி மண்ணோடு புதுப் புழுவும் மாவுப்பூச்சியும் வர வாய்ப்பு. உங்கள் தெற்கு மூலையில் 0 வந்ததல்லவா, அங்கிருந்து உள்ளங்கை அளவுத் துண்டுகளாக 15 எடுத்து, 60 சதுர அடியில் 2 அடி இடைவெளியில் பதியுங்கள். எடுத்த குழியை மணலும் மக்கிய எருவும் சமமாகக் கலந்து நிரப்புங்கள். வடகிழக்கு மழை தொடங்கும் முன்பு வேர் பிடித்துவிட வேண்டும், அதனால் இந்த வாரமே. முதல் 10 நாள் மட்டும் தினமும் லேசாகத் தண்ணீர், 2 அங்குலம் வளர்ந்த பிறகு முதல் வெட்டு, அதிலும் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். நவம்பர் கடைசியில் பழைய ஓரத்தில் இரண்டு இடம் வெட்டி எண்ணி இங்கே எழுதுங்கள். 8 அங்குலத்துக்குக் கீழே கூட்டுப்புழுவோ வண்டோ தென்பட்டால் அவைதான் ஏப்ரலில் வேப்பமரம் ஏறுபவை. எத்தனை என்று தெரிந்தால் தார்ப்பாய் விரிக்க எத்தனை பேர் வேண்டும் என்று பார்த்துக்கொள்ளலாம்.